இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கும் வீட்டில் பேக்கப் ஏன் ஓடுவதில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) பக்கம் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால், முதலில் கொடியில் காயும் துணியை எடுப்பார்கள். அடுத்தது கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்குவார்கள். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பரில் இது கிட்டத்தட்ட தினசரி வேலை. தப்பே இல்லை. ஒரே இடியில் மோடம், மதர்போர்டு, யூஎஸ்பியில் மாதக்கணக்காகச் செருகியே கிடந்த பேக்கப் டிஸ்க் மூன்றும் போன வீட்டுக்கு நானே போயிருக்கிறேன்.

பேக்கப் மென்பொருளை எழுதியவர்கள் இந்தப் பிளக்கை நினைத்துப் பார்க்கவில்லை, அதுதான் சங்கதி. அவர்கள் மனதில் இருக்கும் வீட்டில் கம்ப்யூட்டர் ராத்திரி பகலாக ஓடும், டிஸ்க் எப்போதும் செருகியிருக்கும், இணையம் மேலே ஏற்றுவதிலும் வேகமாக இருக்கும். நம் வீட்டில் கம்ப்யூட்டர் ராத்திரி எட்டு முதல் பத்து வரை. டிஸ்க் அலமாரியில், பட்டுப்புடவைக்கு அடியில். பழுது பார்க்கக் கூப்பிடும் வீடுகளில் நான் பெரும்பாலும் பார்ப்பது கெட்டுப்போன மென்பொருளை அல்ல, வேறொரு வீட்டுக்காகப் போட்ட செட்டிங்கை.

கீழே வருவதெல்லாம் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. ஆனாலும் இங்கே பாதி வீட்டில் அதுதான் ஓடுகிறது, அதில் பேக்கப்பும் எடுக்கலாம். நான் முக்கியமாகச் சொல்வது விண்டோஸோடு வரும் ஃபைல் ஹிஸ்டரி என்ற பேக்கப் வசதி பற்றி. கண்ட்ரோல் பேனலில், சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் அறிகுறிகள் இவையேதான், பட்டனின் பெயர் மட்டும் மாறும்.

அறிகுறி: கடைசி பேக்கப் தேதி மாதக்கணக்கில் பழையது, பிழைச் செய்தி எதுவும் இல்லை

இதுதான் அதிகம். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டில் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

“தம்பி, தினமும் ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா ஓடும்னு கடையில செட் பண்ணிக் குடுத்தாங்களே.”

“டீச்சர், ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க கம்ப்யூட்டர் ஆன்ல இருக்குமா?”

“அது எப்படி இருக்கும்? பத்து மணிக்கே சுவிட்ச அடைச்சிடுவேன் லா.”

ஏழு மாதம். ஒரு நாள்கூட ஓடவில்லை. பிழைச் செய்தி வரவும் வழியில்லை, ஏனென்றால் செய்தி காட்டுவதற்கும் கம்ப்யூட்டர் ஓட வேண்டுமே!

உங்கள் மென்பொருள் தனக்கென்று நேரம் குறிக்கும் வகையாக இருந்தால், முதலில் அந்த நேரத்தை நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரமாக மாற்றுங்கள். எட்டு மணிக்குத் திறப்பவர் எட்டரைக்கு வைக்கலாம். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக மென்பொருள் ஓடுகிறது என்றால் அங்கே இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். அந்த வேலையை இரட்டைக் கிளிக் செய்து திறந்து, கண்டிஷன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ‘மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு’ என்ற பொருளில் ஏசி பவர் என்று ஒரு வரி டிக் ஆகியிருக்கும். லேப்டாப்பை பேட்டரியிலேயே ஓட்டுபவர்களுக்கு (இடிக்குப் பயந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான்) இந்த டிக் இருக்கும்வரை பேக்கப் தொடங்கவே தொடங்காது. எடுத்துவிடுங்கள். அடுத்து செட்டிங்ஸ் பக்கத்தில், குறித்த நேரம் தவறிப்போனால் முடிந்த சீக்கிரத்தில் ஓடு என்ற வரி இருக்கும். இது பொதுவாக டிக் இல்லாமல் கிடக்கும். டிக் போடுங்கள். நம் மாதிரி வீடுகளுக்கு இந்த ஒரு டிக் மற்ற எல்லா செட்டிங்கையும்விடப் பெரியது. ஒன்று கவனம்: கம்ப்யூட்டரைத் திறந்த உடனே ஓடாது, சுமார் பத்து நிமிடம் பொறுத்துத்தான் தொடங்கும். ‘டிக் போட்டும் ஓடலையே’ என்று இரண்டாவது நிமிடத்திலேயே எனக்குப் போன் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

ஃபைல் ஹிஸ்டரி என்றால் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. அது மணி பார்ப்பதில்லை, இடைவெளி பார்க்கும். வழக்கமாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரம் நீளம்தான். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் அதை 15 அல்லது 20 நிமிடமாக்குங்கள். மாறிய ஃபைலை மட்டும்தான் எடுக்கும், அதனால் கம்ப்யூட்டர் தடுமாறாது. டிஸ்க் செருகாத நாட்களில் ஃபைல் ஹிஸ்டரி பிரதிகளைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ஓரத்தில் தற்காலிகமாக வைத்திருந்து, டிஸ்க் வந்ததும் மாற்றிவிடும். ஆக, டிஸ்க்கை அலமாரியில் வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விளக்கேற்றின கையோடு என்று வைத்துக்கொள்ளுங்களேன், டிஸ்க்கைச் செருகி ‘ரன் நௌ’ அழுத்துங்கள். முடிந்ததும் கீழே வலது மூலையில் இருக்கும் யூஎஸ்பி சின்னத்தை அழுத்தி முறையாகக் கழற்றி, அலமாரிக்கு.

அறிகுறி: டிஸ்க்கைச் செருகியும் ‘டிஸ்க்கைக் காணோம்’ என்கிறது

ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து பாருங்கள். அங்கே டிஸ்க் தெரிகிறதா, இல்லையா என்பதை வைத்து வழி இரண்டாகப் பிரியும்.

தெரிகிறது, ஆனால் பேக்கப் மென்பொருளுக்கு மட்டும் தெரியவில்லை: போன வாரம் அது ஈ டிரைவ், இந்த வாரம் எஃப் டிரைவ். நடுவில் யாரோ பெண்டிரைவ் செருகியிருப்பார்கள், அது ஈயைப் பிடித்துக்கொண்டது. மென்பொருள் இன்னமும் ஈயிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போய், உங்கள் டிஸ்க்கை வலது கிளிக் செய்து, எழுத்தை மாற்றும் வரியில் இஸட் மாதிரி யாரும் தொடாத கடைசி எழுத்தைக் கொடுங்கள். அப்புறம் பேக்கப் மென்பொருளிலும் சேமிக்கும் இடத்தை அந்த எழுத்துக்கு மாற்றுங்கள். பிறகு எந்தப் பெண்டிரைவ் வந்தாலும் இடம் பறிபோகாது.

தெரியவே இல்லை: வயரை மாற்றுங்கள். சிரிக்காதீர்கள், இரவுச் சந்தையான பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய வயரில் டேட்டா கம்பியே இருக்காது, சார்ஜ் மட்டும்தான் ஏறும். அடுத்து, யூஎஸ்பி ஹப்பை விட்டுவிட்டு நேரே கம்ப்யூட்டரில், முடிந்தால் பின்பக்கத் துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளைக்கு உள்ளே ஓடும் ஒயர் சில கேஸிங்கில் மட்டமாக இருக்கும், சுழலும் டிஸ்க்குக்குப் போதுமான கரண்ட் வராது.

கொஞ்ச நேரம் தெரிந்து, பிறகு மறைகிறது என்றால் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் செட்டிங்கைச் சந்தேகப்படுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட் என்று இருக்கும். அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

இதற்கிடையே காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் காதோரம் வைத்தால் மெல்லிய ‘உர்ர்’ மட்டும் கேட்க வேண்டும். பல்லி கத்துவது மாதிரி டக், டக், டக் என்று சீரான இடைவெளியில் கேட்டால், செட்டிங் பார்ப்பதை நிறுத்துங்கள். அது செட்டிங் நோய் அல்ல. உள்ளே படிக்கும் முனை இடம் தெரியாமல் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறது. கழற்றி வைத்துவிட்டு, அந்த டிஸ்க்கில் மட்டுமே இருக்கும் விஷயம் ஏதாவது உண்டா என்று யோசியுங்கள். இல்லையென்றால் புது டிஸ்க் வாங்கிப் புதிதாக பேக்கப் எடுப்பதுதான் மலிவு. உண்டென்றால் தரவு மீட்கும் ஆளிடம் போகும்வரை மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் இருப்பதையும் கீறும்.

இன்னொன்று. செருகியதும் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால், எழுதும்போது கரண்ட் போனதிலோ பிடுங்கியதிலோ அதன் அட்டவணை சிதைந்திருக்கலாம். ‘கேன்சல்’ தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

அறிகுறி: இடம் இல்லை என்கிறது

பிழை எண் 80070070 என்று முடிந்தால் சந்தேகமே வேண்டாம், டிஸ்க் நிறைந்துவிட்டது. ஃபைல் ஹிஸ்டரி மாறிய ஒவ்வொரு பிரதியையும் வைத்திருக்கும், எவ்வளவு காலம் என்பதற்கு ஆரம்பத்தில் இருக்கும் செட்டிங் ‘என்றென்றும்’. என்றென்றும் இடம் யாரிடம் இருக்கிறது? அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் அதை ஒரு வருடமாகவோ, இடம் தேவைப்படும்வரை என்பதாகவோ மாற்றுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ‘கிளீன் அப் வெர்ஷன்ஸ்’ அழுத்தினால் பழைய பிரதிகள் போய் இடம் விடும். ஒவ்வொரு ஃபைலின் கடைசிப் பிரதி மட்டும் போகாது, பயப்பட வேண்டாம்.

ஒரு டிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது.

டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தும் ஒரே ஒரு ஃபைலுக்கு மட்டும் ‘மிகப் பெரியது’ என்று மறுக்கிறதா? அநேகமாகக் கல்யாண வீடியோவாகத்தான் இருக்கும். டிஸ்க்கை வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் பாருங்கள். டிஸ்க் ஃபைல்களை அடுக்கும் முறை ஃபேட்32 என்று இருந்தால், 4 ஜிபியைத் தொடும் எந்த ஒற்றை ஃபைலும் அதில் உட்காராது. அதில் இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்யுங்கள். வீட்டில் ஆப்பிள் கம்ப்யூட்டரும் இருந்து இரண்டிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட்.

அறிகுறி: தொடங்குகிறது, பாதியில் நிற்கிறது

ஒவ்வொரு தடவையும் அதே ஃபைலில் நின்றால் அந்த ஃபைல் எங்கோ திறந்திருக்கிறது. எண்ணின் முடிவில் 80070020 வந்தால் அதற்கு அர்த்தமே ‘வேறொரு மென்பொருள் இதைப் பிடித்து வைத்திருக்கிறது’ என்பதுதான். நம் பக்கம் இது கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் மளிகைக் கடை வீடுகளில் வரும். கணக்கு மென்பொருளை மூடிவிட்டு ஓட்டுங்கள். இல்லையென்றால், திறந்திருக்கும் ஃபைலையும் படம் பிடித்த மாதிரி நிறுத்திப் பிரதி எடுக்கும் வால்யூம் ஷேடோ காப்பி வசதி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா என்று பார்த்து அதை இயக்குங்கள்.

ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு ஃபைலில், இன்புட் அவுட்புட் பிழை என்று நின்றால் வயர் அல்லது டிஸ்க். வயரை மாற்றியும் தொடர்ந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலம் என்றால் நலம். மஞ்சள் என்றால், கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்களோ ஒதுக்கக் காத்திருக்கும் இடங்களோ சேர ஆரம்பித்துவிட்டன. டிஸ்க் இன்னும் ஆறு மாதம் ஓடலாம், அடுத்த செவ்வாயே போகலாம். மஞ்சள் டிஸ்க்கில் நான் பேக்கப் வைப்பதில்லை. படம் பார்க்கத் தம்பிக்குக் கொடுத்துவிடுவேன்.

கரண்ட் கட் ஆன மறுநாளிலிருந்து நிற்கிறது என்றால் டிரைவை வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், டூல்ஸ், செக். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். டக் டக் சத்தம் வந்த டிஸ்க்குக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: எல்லாம் பச்சை, தேடிய ஃபைல் மட்டும் பேக்கப்பில் இல்லை

என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேலே சொன்ன ஆசிரியை, தாம் பிறந்த தோட்டத்தின் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். ரப்பர் மரமெல்லாம் செம்பனையாகி, அப்புறம் பாதி நிலம் தாமான் ஆகி, லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடமே இன்று தெரியாது. அப்பாவின் பால்வெட்டுச் சம்பளச் சீட்டு, மாரியம்மன் கோயில் தீமிதி, கிராணி (தோட்டக் கணக்கர்) வீட்டு வாசலில் பள்ளிப் பிள்ளைகள் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் என்று நானூறுக்கும் மேல் ஸ்கேன் செய்திருந்தார். கடையில் போட்ட மென்பொருளுக்குப் பதில் ஃபைல் ஹிஸ்டரியை நான் அமைத்து, பேக்கப் பச்சையாகி, மூன்று வாரம் கழித்து “அந்தத் தீமிதிப் படத்த டிஸ்க்குலேர்ந்து எடுத்துக் காட்டு தம்பி” என்றார். நம்பிக்கையாகத் திறந்தேன். நானூறில் ஒன்றுகூட இல்லை.

காரணம் எளியது. ஸ்கேனரோடு வந்த மென்பொருள் படங்களை சி டிரைவின் வேரிலேயே (வேறு எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல்) தனக்கென ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் போட்டிருந்தது. ஃபைல் ஹிஸ்டரி எடுப்பது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் மாதிரி லைப்ரரி என்ற விண்டோஸ் தொகுப்பில் இருப்பவற்றை. வேரில் கிடக்கும் ஃபோல்டரையோ, டி டிரைவில் நீங்களாக உண்டாக்கியதையோ சொல்லாமல் எடுக்காது. தான் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டது, அதனால் பச்சை. அந்தப் பச்சை பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் தப்பான கேள்வி கேட்டிருந்தேன்.

நல்ல வேளையாக அசல் படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. சரிசெய்த விதம் இது: அந்த ஃபோல்டரை வலது கிளிக் செய்து (விண்டோஸ் 11 என்றால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ அழுத்தி) ‘இன்க்ளூட் இன் லைப்ரரி’யில் பிக்சர்ஸைத் தேர்ந்தெடுத்தேன். ஃபோல்டர் இடம் மாறாது, ஃபைல் ஹிஸ்டரியின் பார்வைக்குள் மட்டும் வந்துவிடும். விண்டோஸ் 10இல் செட்டிங்ஸின் பேக்கப் பக்கத்தில் ‘மோர் ஆப்ஷன்ஸ்’ போய் ஃபோல்டரை நேரடியாகவே சேர்க்கலாம். அங்கேயே கீழே, விலக்கி வைத்த ஃபோல்டர் பட்டியலும் இருக்கும். முன்னொரு காலத்தில் இடம் பத்தவில்லை என்று யாராவது பிக்சர்ஸையே விலக்கி வைத்திருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

எந்த ஃபோல்டர் விடுபட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மென்பொருளைக் கேட்காதீர்கள், வீட்டைக் கேளுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) ஸ்கேன், வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்), பிள்ளையின் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ், கோயில் கமிட்டிக் கணக்கு, தாத்தா படம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது கம்ப்யூட்டரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடி எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பேக்கப் டிஸ்க்கிலிருந்து திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் போதாது, இரட்டைக் கிளிக் செய்து படம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐந்தையும் பார்க்க அரை மணி நேரம் ஆகும்.

விண்டோஸ் 11இல் இன்னொரு குழப்பம் உண்டு. விண்டோஸ் பேக்கப் என்று தனியாக ஒரு ஆப் இருக்கிறது, ‘உங்கள் ஃபோல்டர்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன’ என்று நிம்மதியாகச் சொல்லும். அது அனுப்புவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்கு, உங்கள் அலமாரி டிஸ்க்குக்கு அல்ல. ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபிதான். நிறைந்த பிறகு புதுப் படங்கள் வாசலிலேயே நிற்கும்.

அறிகுறி: கம்ப்யூட்டரில் அழித்தது பேக்கப்பிலும் அழிந்துவிட்டது

இது பேக்கப் இல்லை. இது சிங்க், அல்லது மிர்ரர். கண்ணாடிக்கு முன்னால் பொட்டை அழித்தால் கண்ணாடியிலும் பொட்டு போய்விடுமல்லவா? இலவசப் பிரதி எடுக்கும் மென்பொருள்கள் பலவற்றில் மிர்ரர் என்று ஒரு தேர்வு இருக்கும், பெயர் அழகாக இருக்கிறதே என்று அதையே அழுத்துகிறார்கள். அதற்குப் பதில் வெர்ஷன், அதாவது பழைய பிரதிகளையும் வைத்திருக்கும் தேர்வைப் போடுங்கள்.

ஏற்கெனவே அழிந்துவிட்டது என்றால் உடனே ஓடுங்கள். சொந்தக் கணக்கு ஒன்டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். கூகுள் டிரைவிலும் 30. கூகுள் ஃபோட்டோஸில் மேலேறிய படங்கள் 60 நாள் இருக்கும். நாள் தாண்டினால் யாராலும் முடியாது.

அறிகுறி: இணையத்துக்கு ஏற்றுவது முடியவே மாட்டேன் என்கிறது

கணக்குப் போட்டால் கோபம் போய்விடும். உங்கள் லைனில் மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கும் வேகம் அல்ல, ஏற்றும் வேகம்; பல திட்டங்களில் அது குறைவு. 200 ஜிபியை அதில் ஏற்றக் கிட்டத்தட்ட 44 மணி நேரம். ராத்திரி இரண்டு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் ஓடும் என்றால் 22 ராத்திரி. அதுவும் வீட்டில் வேறு யாரும் படம் பார்க்காமல் இருந்தால். அதனால் முதல் வாரம் சூராட் பெரானாக், கிராண்ட் மாதிரி சிறியதும் முக்கியமானதும் உள்ள ஃபோல்டரை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். கல்யாண வீடியோ டிஸ்க்கோடு போதும். ஏற்றும் நேரத்தில் கம்ப்யூட்டர் தூங்கப் போகாதபடி ஸ்லீப் நேரத்தையும் நீட்டிவையுங்கள்.

அறிகுறி: மீட்ட ஃபைல் திறக்கிறது, தமிழ் மட்டும் கிறுக்கலாக இருக்கிறது

பழைய கோயில் அழைப்பிதழ், சங்கக் கூட்டக் குறிப்பு எல்லாம் புதுக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறதா? பேக்கப்பைத் திட்டாதீர்கள், ஃபைல் முழுசாகத்தான் வந்திருக்கிறது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு பரவும் முன்னால் தமிழ் எழுத்துருக்கள் பலவும் வெவ்வேறு குறியேற்றத்தில் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறையில்) இருந்தன. நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள் பல வீட்டில் உண்டு. டிஸ்கி, பாமினி என்று மற்றவையும் உண்டு. அந்த எழுத்துரு பழைய கம்ப்யூட்டரின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸில் இருந்தது. ஃபைல் ஹிஸ்டரி அந்தப் பக்கம் போவதே இல்லை.

பழைய கம்ப்யூட்டர் இன்னும் எழுந்தால், அந்த எழுத்துருக்களை எடுத்து டாக்குமெண்ட்ஸில் ஒரு ஃபோல்டரில் போட்டு பேக்கப்போடு சேர்த்துவிடுங்கள். புதியதில் நிறுவினால் எழுத்து தெரியும். அப்புறம் எழுத்துருமாற்றி ஒன்றால் யூனிகோடாக்கிச் சேமியுங்கள். அசலையும் அழிக்காதீர்கள், மாற்றும்போது ஒன்றிரண்டு எழுத்து பிசகும்.

அறிகுறி: டிஸ்க் இருக்கிறது, சாவி இல்லை

கடவுச்சொல் போட்டு பேக்கப் எடுக்கும் மென்பொருளில், உதாரணமாக டூப்ளிகாட்டியில், அதை மறந்தால் மீட்க வழி கிடையாது. கிடையாது என்றால் கிடையாது. தாளில் எழுதி வீட்டு கிராண்டோடு வையுங்கள்.

டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் விஷயத்தில் இடிக்கும் சம்பந்தம் உண்டு. புது விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் உள் டிஸ்க் நமக்குத் தெரியாமலே பூட்டப்பட்டிருக்கும். பூட்டுக்கான சாவி மதர்போர்டில் உள்ள சில்லில் இருக்கிறது. இடியில் மதர்போர்டு போய் டிஸ்க் மட்டும் பிழைத்தால், வேறு கம்ப்யூட்டரில் மாட்டும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே சேமித்திருக்கும். இடி வருமுன்னே பாருங்கள்.

அறிகுறி: ஃபைல்களின் பெயர் ஒரே ராத்திரியில் மாறி, காசு கேட்டு ஒரு கடிதம் கிடக்கிறது

பேக்கப் டிஸ்க் அலமாரியில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். செருகியிருந்தால் இப்போதே பிடுங்குங்கள், முறையாகக் கழற்றும் மரியாதையெல்லாம் இன்றைக்கு வேண்டாம். இணைய வயரையும் பிடுங்குங்கள். அந்தக் கம்ப்யூட்டரை முழுதாகத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடும்வரை டிஸ்க்கை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

அறிகுறி: கம்ப்யூட்டரே போய்விட்டது, டிஸ்க் மட்டும் கையில்

ஃபைல் ஹிஸ்டரியின் நல்ல குணம் இங்கே தெரியும். அது ஃபைல்களை எந்தப் பெட்டிக்குள்ளும் பூட்டி வைப்பதில்லை. பக்கத்து வீட்டு லேப்டாப்பில் டிஸ்க்கைச் செருகி, ஃபைல் ஹிஸ்டரி என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயர், அதற்குள் பழைய கம்ப்யூட்டரின் பெயர், அதற்குள் டேட்டா என்று இறங்கிக்கொண்டே போனால் படங்கள் படங்களாகவே இருக்கும். ஒவ்வொரு பெயரின் வாலிலும் அடைப்புக்குறிக்குள் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். புதுக் கம்ப்யூட்டரில் முறையாக மீட்க வேண்டுமென்றால், ஃபைல் ஹிஸ்டரியில் இதே டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது ‘முந்தைய பேக்கப்பைப் பயன்படுத்து’ என்ற தேர்வு வரும், அதை எடுங்கள்.

ஆசிரியையிடம் இதை அவர் பேத்தியின் லேப்டாப்பில் செய்து காட்டினேன். இந்தத் தடவை தீமிதிப் படம் வந்தது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, படத்தைவிட்டு அதன் பெயரைப் படித்தார்.

“பன்னிரண்டு நாற்பதுன்னு போட்டிருக்கே தம்பி. அன்னிக்கு மத்தியானம் இடி. நான் பிளக்கே போடலையே?”

அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் டீச்சர், நம்ம நேரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால் என்றேன். விரல் விட்டு எண்ணினார்.

“எட்டு நாற்பது. ஆமா, சாப்பிட்டுட்டு வந்து போட்டேன்.”